ஜெரிசனின் மஞ்சள் நகம்

சூசைதாசன் சவப்பெட்டிக்குள் குனிந்து ஜெரிசனின் இடது கைக்கு வெள்ளைக் கையுறையை மாட்டத் தொடங்கியபோது ஜெயனி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கழட்டுங்கோ, மாமா.”

“மூடிவிட்டா ஒருத்தரும் பாக்கமாட்டினம், பிள்ளை.”

“பாக்கட்டும். கழட்டுங்கோ.”

அவர் அசையவில்லை. ஜெயனியே கழற்றினாள். விறைத்த விரல்கள் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கைகளை முன்போல மார்பில் சேர்த்து, செபமாலையையும் சுற்றிவிட்டாள். இடது பெருவிரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. அதன் நகம் நல்ல மஞ்சள்.

எல்லா வில்லங்கமும் அந்த நகத்தால்தான். முந்தநாள் காலை மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டு நின்ற அண்ணன் ஜெரிசன் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தான். முப்பத்தாறு வயது. மாரடைப்பு என்று டொக்டர் எழுதிக் கொடுத்த கடதாசி மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. கடதாசியை ஒருவரும் வாசிக்கவில்லை, நகத்தை எல்லோரும் பார்த்தார்கள். இன்று காலை முதலில் வந்த பெண்களில் ஒருத்தி “செங்கமாரி” என்று மற்றவளின் காதில் சொன்னாள். செங்கமாரி, மஞ்சள் காமாலை, எந்தப் பெயரில் சொன்னாலும் அது ஒட்டுகிற வருத்தம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அதன்பிறகு வந்தவர்கள் முற்றத்துத் தறப்பாள் பந்தலுக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். விறாந்தையில் போட்ட கதிரைகள் அப்படியே வெறுமையாய்க் கிடந்தன.

ஊர் எப்படியும் கதைத்துவிட்டுப் போகட்டும் என்று ஜெயனி விட்டிருப்பாள். அம்மாவைத்தான் அவளால் விட முடியவில்லை.

லூர்த்தம்மா தலைமாட்டில் இருந்தாள். அழுகை நின்று ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. மகனுடைய முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை, நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மாசமா சோத்தை அரைவாசியிலை வைச்சிட்டு எழும்பினவன்,” என்றாள், யாருக்கும் இல்லாமல். “நான் எண்ணெயிலை மீனைப் பொரிச்சுப் பொரிச்சுக் குடுத்தன். அவன்ரை கண்ணை ஒருநாள் வடிவாப் பாத்தனே? பெத்தவள் பாக்காட்டி வேறை ஆர் பாக்கிறது?”

“அம்மா, அது பெயின்ற் எண்டு காலமையே சொன்னன்.”

“என்னைத் தேத்தச் சொல்லுறாய்.”

“உண்மையாச் சொல்லுறன்.”

“பெயின்ற் எண்டா எனக்குத் தெரியாதே?” என்றார் சூசைதாசன். “நாப்பது வருசமா வள்ளத்துக்கு அடிக்கிறன். பெயின்ற் மேலை நிக்கும், தடிக்கும், ஓரத்தாலை உரியும். உது உள்ளாலை வந்த மஞ்சள்.”

அந்தத் தீர்ப்புத்தான் காலையில் வதந்திக்கு முத்திரை குத்தியது. மாமா கெட்டவர் அல்ல, அக்காவின் மகனுக்காக இரண்டு நாளாய்ப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஓடித் திரிகிறவர். ஆனால் வண்ணம் என்று வந்தால் அவர் சொன்னதுதான் கடைசிச் சொல். மயிலிட்டியில் அதை மறுத்துக் கதைக்க ஆள் இல்லை.

ஜெயனிக்குச் சட்டென்று கோபம் வந்தது, அதோடு ஒரு தெளிவும் வந்தது. பெட்டி மூட மூன்று மணி, இப்போது ஒன்றரை. நேரம் போதும்.

அவள் அண்ணனின் அறைக்குள் போய் ஒரு தட்டத்தை எடுத்துவந்தாள். அதில் பத்துப் பொம்மைப் போர்வீரர்கள் நின்றார்கள். ஒவ்வொருவனும் ஒரு பெருவிரல் உயரம், ஒவ்வொருவனும் ஒரு மருந்துப்போத்தல் மூடியில் ஒட்டப்பட்டிருந்தான். ஒன்பது பேருக்குத் தலையிலிருந்து கால்வரை மஞ்சள் கவசம். பத்தாவது ஆளுக்கு இடுப்புக்கு மேலே மஞ்சள், கால்கள் இரண்டும் இன்னும் றோஸா நிறம்.

யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நௌபர் என்ற சிநேகிதன் தன்னுடைய நீலப் படையோடு வருவான். மேசையில் அட்டையால் மலையும் மதிலும் செய்து வைத்து, தாயக்கட்டை உருட்டிப் பின்னேரம் வரை சண்டை பிடிப்பார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: வண்ணம் முடியாதவன் களத்தில் இறங்கக்கூடாது. இந்த ஞாயிறு பத்துப் பேரையும் இறக்குவது என்று ஒரு மாதமாக அண்ணன் சோற்றைப் பாதியில் விட்டு வண்ணம் அடிக்க எழும்பியிருந்தான். வயது போன பிள்ளையின் விளையாட்டு என்று லூர்த்தம்மா அந்த அறைப் பக்கமே போனதில்லை.

ஜெயனி தட்டத்தைப் பெட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தாள்.

“எடி, சவ வீட்டிலை என்னடி செய்யிறாய்?” என்றார் மாமா.

“நீங்களும் இருங்கோ மாமா. உங்கடை தொழில்தான்.”

அவள் தன்னுடைய இடது பெருவிரலை நீட்டிக் காட்டினாள். நகத்தில் றோஸா. இரண்டு நாளாய் எல்லோரும் அதைக் கியூட்டெக்ஸ் என்று நினைத்திருந்தார்கள்.

“இது என்ன சொல்லுங்கோ?”

“நகப்பூச்சு.”

“இல்லை. உந்த வீரன்ரை காலிலை இருக்கிற அதே றோஸா. மஞ்சளுக்குக் கீழை முதல் அதைத்தான் அடிக்கிறது. அது என்ரை வேலை. பிழை திருத்த அண்ணையும் தொடுவார்.”

“மஞ்சளுக்குக் கீழை றோஸாவோ? வெள்ளை எல்லே!”

“வள்ளத்துக்கு வெள்ளை சரி. இதுக்கு வெள்ளை அடிச்சா மடிப்பெல்லாம் சுண்ணாம்பு மாதிரித் தெரியும். றோஸாவிலை ஏத்தினாத்தான் மஞ்சளுக்கு உயிர் வரும்.” அந்தச் சொல் வாயைவிட்டு வந்தபின் அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு மஞ்சள் குப்பியைத் திறந்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் பால்போல் கரைத்து, தூரிகையை நனைத்தாள். “ஒவ்வொருக்காத் தொடேக்கையும் நகத்திலை ஒருக்கா இழுத்துப் பதம் பாக்கிறது. கூடினதை நகம் எடுத்துக்கொள்ளும். ஒரு மாசம் இழுத்தா எத்தினை பூச்சு எண்டு நீங்களே நினையுங்கோ.”

தன் நகத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஊதிக் காயவிட்டாள். திரும்ப இழுத்தாள். முற்றத்தில் நின்ற பெண்கள் இரண்டு மூன்று பேர் விறாந்தைப் படிவரை வந்து எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது பூச்சில் றோஸா மறைந்து, நகத்துக்கு அடியிலிருந்து ஊறி வந்ததுபோல ஒரு மஞ்சள் நின்றது. அதைக் கொண்டுபோய் அண்ணனின் பெருவிரலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சூசைதாசன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். தன் சுட்டுவிரலால் ஜெயனியின் நகத்தைத் தடவினார். தடிப்பும் இல்லை, உரியவும் இல்லை.

“பொல்லாத வேலைக்காரன்,” என்றார். “நான் பெரிய வாய் வைச்சிட்டன், அக்கா. இது பெயின்ற்தான்.” பிறகு அவசரமாக, “வள்ளத்துக்கு வைச்ச தின்னர் கிடக்கு. ஒருக்காத் துடைச்சா வெளிச்சுப்போடும்,” என்றார்.

“வேண்டாம், மாமா. அது அவர் கடைசியா இழுத்த மஞ்சள். அதோடை போகட்டும்.”

லூர்த்தம்மா தட்டத்திலிருந்து ஒரு வீரனை மூடியோடு தூக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். கவசத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் மண்ணிறக் கோடு மயிரிழையாய் ஓடியிருந்தது. அவள் இன்னொன்றை எடுத்தாள். ஒன்பதையும் பார்த்து முடித்தாள்.

“இதுக்கே சோத்தை விட்டிட்டு எழும்பினவன்?”

“ஓம் அம்மா. கரைச்ச பெயின்ற் காஞ்சுபோகுமெண்டு.”

“வருத்தம் ஒண்டும் இல்லை?”

“செங்கமாரி இல்லை, அம்மா. நெஞ்சிலை இருந்தது அவருக்கே தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

தாய் நீளமாய் ஒரு மூச்சு விட்டாள். பிறகு தன் இடது பெருவிரலை நீட்டினாள். மீன் செதிள் அரிந்து தேய்ந்த நகம்.

“எனக்கும் வை.”

ஜெயனி வைத்தாள்.

“தெரியேல்லையே.”

“பொறுங்கோ. மஞ்சள் ஒரேயடியா ஏறாது.”

லூர்த்தம்மா விரலை நீட்டியபடி பொறுத்திருந்தாள். இரண்டாவது பூச்சுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவளுக்கு அழுகை வந்தது. இந்தமுறை மகனின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி அழுதாள். விரலை மட்டும் அசைக்கவில்லை. ஐந்து பூச்சும் முடிந்தபின் எழுந்து, மகனின் நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சினாள். அந்தப் பெருவிரலிலும் கொஞ்சினாள். படியில் நின்ற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்தார்கள். முதலில் செங்கமாரி என்றவளும் வந்து, குனிந்து கொஞ்சிவிட்டுப் போனாள். அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் சூசைதாசன் வெள்ளைக் கையுறையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கோயிலில் பூசை முடிந்து, அடக்கம் செய்யச் சேமக்காலைக்கு நடக்கும்போது நல்ல வெயில். லூர்த்தம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.

“ஞாயிறு அந்த நௌபர் வருவானோ?”

“வரமாட்டான் எண்டு நினைக்கிறன்.”

“வரச்சொல்லு. அதுக்கு முதல் அந்தப் பத்தாவது ஆளின்ரை காலை அடிச்சு முடி.”

“ஓம்.”

முன்னால் செபம் சொல்லத் தொடங்கினார்கள். லூர்த்தம்மா இடது கைக்குச் செபமாலையை மாற்றிக்கொண்டாள். மஞ்சள் நகம் மணிகளை ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டு போனது.