பட்டாணி அளவு கல்

பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெஞ்சில், ஒற்றை ஆம்பளையாக, கையில் தண்ணீர் பாட்டிலோடு நீங்கள் எப்போதாவது உட்கார்ந்திருக்கிறீர்களா?

நான் உட்கார்ந்திருக்கிறேன். உத்திரமேரூரில் ஒரு ஸ்கேன் சென்டர். கல்யாணத்துக்காக மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தேன். விரைப்பைக்குள் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஏதோ உருண்டுகொண்டிருந்தது. மஸ்கட்டில் கட்டில் மேல் கட்டில் போட்டுப் படுக்கும் ரூமில் யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. புற்றாக இருந்தால் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டுவது அநியாயம். தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

டோக்கன் கொடுக்கும் மார்த்தாள் தெருவுக்கே கேட்கிற குரலில், "இன்னா ஸ்கேன்பா?" என்றாள்.

டாக்டர் சீட்டை நாலாக மடித்து நீட்டினேன். "வயிறு."

அவள் பிரித்துப் பார்க்காமல் கம்பியில் குத்தினாள். "வயிறுன்னா தண்ணி குடி. முட்டிக்கினு வந்தா சொல்லு."

குடித்தேன். பக்கத்துப் பெண் கேட்டாள்: "வூட்டுக்காரம்மா எங்கண்ணா?"

"எனக்குத்தாம்மா ஸ்கேன்."

"எத்தினியாவது மாசம்?" என்றாள் அதற்கடுத்தவள். பெஞ்சே குலுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் புருஷோத்தமன், மாசமாக இருக்கும் மனைவியோடு உள்ளே வந்தான். நான் கட்டிக்கொள்ளப் போகும் சுகிர்தாவின் அண்ணன்.

"இன்னா மாப்ள, இங்க?"

"வயித்து வலி மச்சான்."

"மஸ்கட் சோறு ஒத்துக்கல போல" என்று சிரித்தான்.

உள்ளே சீட்டைப் பிரித்திருப்பார்கள். மார்த்தாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "வினோத்குமாரு யாருய்யா? வயிறுன்ன. இது விரை ஸ்கேனு. இதுக்கு எதுக்குத் தண்ணி? போய் வுட்டுட்டு வா."

புருஷோத்தமன் சிரிப்பை நிறுத்தினான்.

டாக்டர் வகிதா பசையைத் தடவிக் கருவியை நகர்த்தினார். திரையில் வெள்ளையாக ஒன்று மின்னியது. அதற்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்தது.

"சுண்ணாம்புக் கல். விரைக்குள்ள இல்ல, வெளிய, உறைக்குள்ள இருக்கு. தள்ளினா ஓடுது பாருங்க. கேன்சர் இல்ல. ரெண்டு விரையும் நல்லா இருக்கு."

"கொழந்த பொறக்குமா மேடம்?"

"இந்தக் கல்லால தடை இல்ல. மத்தபடி, ஸ்கேன் படத்த வச்சு அத யாராலயும் சொல்ல முடியாது."

சாயந்திரம் மாகறலில் எங்கள் வீட்டு வாசலில் புருஷோத்தமனின் பைக் நின்றது. நான் சொல்லி விஷயம் தெரிந்திருந்த அம்மா என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

"கிட்னில கல்லுன்னு சொல்லிடு நைனா. வாழத்தண்டு ஜூஸ் குடிக்கிறேன்னு சொல்லு, நம்பிடுவாங்க."

"வயிறுன்னு சொல்லித்தான் இந்தப் பேஜாரு. இன்னொரு பொய் சொல்ல மாட்டேன்மா."

புருஷோத்தமன் உட்காரவே இல்லை. "கொழந்த பொறக்கும்னு டாக்டராண்ட எழுதி வாங்கிக்கினு வா. அப்பறம் பாக்கலாம்."

"உன் தங்கச்சிக்கும் அதே மாரி எழுதி வாங்கியாறியா மச்சான்?"

"அவளுக்கு இன்னா கொற?"

"எனக்கு மட்டும் இன்னா கொற? ஒரு கல்லு. அதும்பாட்டுக்கு உருண்டுக்கினு கீது."

"நாளைக்குப் பந்தக்காலுக்கு நான் வரல" என்று பைக்கைக் கிளப்பினான்.

எங்கள் பங்காளிகளில் பெண்வீட்டார் ஒருவர் முதல் கை வைக்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள். அப்பா இல்லாத சுகிர்தா வீட்டில் கை வைக்க வேண்டியவன் அவன்தான். அவன் வராவிட்டால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே திருமுக்கூடலுக்குப் போனேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று, "சுகிர்தா" என்று கூப்பிட்டேன். அக்கம்பக்கத்து ஜனம் எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கம்பெனி யூனிபார்மைக் கூடக் கழற்றாமல் வந்தாள். என்ன ஸ்கேன், எங்கே கல், டாக்டர் எதைச் சொன்னார், எதைச் சொல்ல முடியாது என்றார், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். உறுப்பின் பெயரையும் முழுங்கவில்லை. படத்தை வாசல் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுவா?"

"அதான்."

"நோவுதா?"

"இல்ல."

"எங்கிட்ட ஏன் மொதல்லயே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சி."

"தெருவுல நின்னு சொல்றீங்களே, இப்ப வெக்கம் இல்லியா?"

"ஸ்கேன் சென்டர்லயே தீந்துபோச்சி."

"உள்ள போடி" என்றான் புருஷோத்தமன். "நான் கை வைக்கல. கல்யாணம் நடக்காது."

"உனக்கு மட்டுந்தான் கை கீதாண்ணா?" என்றாள்.

"பொண்ணு எவளாவது கை வைப்பாளா? ஊரு காறித் துப்பும்."

"அங்க போய் வாழப்போறது நானு. ஊரு இல்ல."

படத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. மடிக்காமல் உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மாகறலில் பந்தக்கால் நட்டோம். புருஷோத்தமன் வரவில்லை. சுகிர்தா முதல் பஸ்ஸில் வந்து கை வைத்தாள்.