மூடிய ஷட்டரில் என்ன விலை

"சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன், அண்ணி."

"யோசிச்சது போதும், சொல்லு."

"ஸ்கூல்லேருந்து வரும்போது அண்ணன் அந்தத் தையல்காரம்மா கடை முன்னாடி நிக்குது. தினமும். ஷோகேஸையே பாத்துக்கிட்டு."

"ஷோகேஸ்ல என்ன இருக்கு?"

"ஜாக்கெட்."

நாத்தனாருக்கு மாடியில் ஆயிரம் வேலை இருந்தது. ஒன்றையும் பார்க்காமல் இதைச் சொல்ல இறங்கி வந்திருந்தாள்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஊரார் கண்ணுக்கெல்லாம் சரியாக லென்ஸ் பொருத்துகிற அக்கா, கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவினாள். அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அவர் விசில் மாஸ்டர்.

"ஏன் லேட்டு?" என்றாள், அவர் வந்ததும்.

"மேட்ச்."

"யாருக்கும் யாருக்கும்?"

"என்ன இது, போலீஸ் விசாரணை மாதிரி?"

மறுநாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போய் நின்றாள். மாஸ்டர் கேட்டைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். பெட்டிக்கடை வந்ததும் நின்றார். கடைக்காரர் கேட்காமலே சிகரெட்டை நீட்டினார். அது அக்காவுக்குப் புதிதில்லை. குறைத்துவிட்டேன் என்று அவர் சொன்னதுதான் பொய். அடுத்து தையல் கடை. நின்றார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆனால் தையல்காரம்மா மெஷினிலிருந்து தலையையே தூக்கவில்லை. மறுபடி நடந்தார், மறுபடி நின்றார்.

இந்த முறை நின்ற இடத்தில் கடையே இல்லை. ஷட்டர் இறங்கி, 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. மாஸ்டர் தலையைச் சாய்த்து, சாமான் வாங்க வந்தவர் மாதிரி அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்தார்.

அக்கா பின்னால் போய் நின்றாள்.

"என்ன விலை சொல்றாங்க? பிடிச்சிருந்தா ரெண்டா வாங்கிக்கலாம்."

திரும்பியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ எங்க இங்க?"

"காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நடந்தா பிடிக்குது, நின்னா விட்டுடுது. அதுவரைக்கும் எதையாவது பாக்கற மாதிரி நிப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. அவர் காலை எடுக்கணும்பார். எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது."

அதற்குள் வலி விட்டுவிட்டது போல. "பாத்தியா? ஒண்ணுமே இல்ல" என்று அவளைவிட வேகமாக நடந்தார்.

வீட்டு மாடிப்படியில் நாத்தனார் காத்திருந்தாள்.

"என்ன அண்ணி, மாட்டினாங்களா? யாரு?"

"யாருமில்ல. உங்க அண்ணனோட கால்."

"காலா?" சிரிப்பு பாதியில் நின்றது. "நடந்தா வலிக்குதா? நின்னா சரியாகுதா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

நாத்தனார் அப்படியே படியில் உட்கார்ந்தாள். காலை எடுத்தபின் அப்பா கட்டிலில் கிடந்த வருஷங்களில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். எழுந்து நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, நாளைக்கு டாக்டர்கிட்ட வர்ற. வரலன்னா ஸ்கூல் கேட்ல நின்னு, விசில் மாஸ்டரால தெருமுனை வரைக்கும் நடக்க முடியலன்னு கத்துவேன்."

"கத்துவ. நீ செய்யக்கூடியவதான்."

மறுநாள் டாக்டரம்மா மாஸ்டரின் கையில் பிரஷர் பார்த்தார். பிறகு பட்டையைக் கணுக்காலில் சுற்றினார்.

"கையில பாத்தாச்சே, காலுக்கு எதுக்குங்க?"

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். உங்களுக்குக் கையில இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கால்ல இருக்கு. காலுக்குப் போற ரத்தக்குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சு, தடிச்சு, இறுகிப்போயிருக்கு. சும்மா இருக்கும்போது வர்ற ரத்தம் போதும். நடக்கும்போது சதை இன்னும் கேக்கும். கிடைக்காது, வலிக்கும்."

"காலை எடுக்கணுமா?"

"இப்ப அந்தப் பேச்சுக்கே வேலையில்ல. எனக்குக் கவலை உங்க காலைவிட உங்க நெஞ்சைப் பத்திதான். கால்ல படியறது கால்ல மட்டும் படியாது. இதயத்துக்கும் மூளைக்கும் போற குழாயிலயும் படியும். சிகரெட்?"

"குறைச்சுட்டேன்."

அக்கா இருமினாள்.

"குறைக்கறதெல்லாம் பத்தாது, விடணும். மாத்திரை தர்றேன், வலி இல்லன்னாலும் நிறுத்தக்கூடாது. தினமும் நடக்கணும்."

"நடந்தா வலிக்குதுன்னுதானே வந்திருக்கேன்!"

"வலிக்கிற வரைக்கும் நடங்க. நல்லா வலிச்சதும் நில்லுங்க. விட்டதும் மறுபடி நடங்க. போகப் போக தூரம் கூடும். உட்கார்ந்திருக்கும்போதே வலிச்சா, கால்ல புண் வந்தா, அன்னிக்கே ஓடி வாங்க." டாக்டரம்மா நாத்தனார் பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவங்களா? உங்களுக்கும் பிரஷர், சுகர், கொழுப்பு பாத்துடுவோம்."

"எனக்கெதுக்கு? நான் துணைக்கு வந்தவ."

"கையை நீட்டுடி" என்றார் மாஸ்டர். அன்று முழுக்க அவர் சந்தோஷமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அக்கா கடையில் கெஞ்சி, சாயங்காலங்களில் சீக்கிரம் கிளம்பிப் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தாள். சேர்ந்து நடந்தார்கள். வலி சொல்லிவைத்தாற்போல் பெட்டிக்கடை வாசலில்தான் வந்தது. அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது. கடைக்காரரின் கை தானாக நீண்டது.

"பின்தெரு வழியாப் போயிடலாங்க."

"அது ஏத்தம். கெண்டைக்கால் கிழிஞ்சுடும்."

முதல் நாள் வாங்கிவிட்டார். அக்கா பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். அடுத்த நாள் விசிலை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். வலியில் மூச்சு இழுத்துவிடும்போதெல்லாம் அது மெல்லியதாகக் கீச்சிட்டது.

"என்ன மாஸ்டர், யாரு ஃபவுல்?" என்றார் கடைக்காரர்.

ஒரு நாள் விசில், ஒரு நாள் சிகரெட் என்று இழுபறியாக மழைக்காலம் போனது. சிகரெட் நாளில் அக்கா ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு விசில் நாட்கள் கூடின.

அப்புறம் ஒரு சாயங்காலம், பெட்டிக்கடை வந்தது. மாஸ்டர் நிற்கவில்லை. கடைக்காரரின் கை நீட்டியபடியே நின்றது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டு நடந்தாள். பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது. தையல் கடைக்கு இன்னும் தூரம் இருக்கும்போது கால் பிடித்தது. அங்கே ஷோகேஸ் இல்லை, ஷட்டர் இல்லை. வெறும் சுவர்.

"வலிக்குதா?"

"நல்லாவே." வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார். பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் திரும்பிப் பெட்டிக்கடையைப் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போனது. அக்கா காலைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தாள்.

"கையை எடுங்க."

"பழக்கம்."

"வலி விட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மாஸ்டர்! மறந்துட்டுப் போறீங்க!"

மாஸ்டர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"நட."

"இன்னும் விடலன்னீங்களே?"

"நடன்னா நட."