ஆறாவது தோள்

சவப்பெட்டிக்காரர் ஆட்களை உயரவாரியாக நிறுத்திப் பார்த்தார். ஐந்து பேர்தான் தேறினார்கள்: புரோனா, அவள் தம்பி டோனல், சித்தப்பா மகன்கள் இருவர், பக்கத்துப் பண்ணைக்காரர். வீட்டிலிருந்து தேவாலயம் வரை தோளில் போவதுதான் அந்த ஊர் வழக்கம். ஆறாவது ஆள் இல்லாமல் பெட்டி கிளம்பாது.

பெட்டிக்குள் இருந்த அவள் அப்பா ஃபீலிம் டோனர் பதினாறு வருடம் நகர மன்ற உறுப்பினர். கட்சி ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டுப் போர்நிறுத்தத்துக்குத் தலையாட்டிய அன்றே பதவியைத் தூக்கியெறிந்துவிட்டு வெளியேறினார். கூடவே மூன்று பேர் வெளியேறினார்கள். அந்த மூவரும் நேற்று வந்து, டீ குடித்து, சாண்ட்விச்சை ஒரு கை பார்த்து, ஃபீலிமைப் போல் மனிதர் உண்டா என்று உருகினார்கள். இன்று ஒருவரையும் காணோம். ஒருவருக்கு முழங்கால் வலியாம். மற்ற இருவரும் போனை எடுக்கவில்லை. அடுத்த மாதம் தேர்தல். மூவரும் கட்சிக்கே திரும்பிப் போய்விட்டது ஊருக்கெல்லாம் தெரியும். புரோனாவுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

அப்போது யூஜின் வந்தார். அப்பாவின் முப்பது வருடச் சிநேகிதர். போர்நிறுத்தத்தை எதிர்ப்பேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்துவிட்டு, கூட்டத்தில் ஆதரித்து ஓட்டுப் போட்டவர். அப்பாவின் நாற்காலியில் இப்போது அவர்தான். அந்த ஆள் தன் பெட்டியைத் தொடக்கூடாது என்று அப்பா சாகும் முன் புரோனாவிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?" என்றாள் புரோனா.

"இல்லம்மா. நான் போட்ட ஓட்டு சரிதான்னு இப்பவும் சொல்லுவேன். சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தினேன் பாரு, அதுதான் தப்பு. மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கணும்."

"கட்சியில ஒண்ணும் சொல்லலையா?"

"போக வேணாம்னாங்க."

மழை தூறத் தொடங்கியது. பாதிரியார் காத்திருப்பார் என்று சவப்பெட்டிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"கோட்டு பட்டனப் போடுங்க," என்றாள் புரோனா.

சவப்பெட்டிக்காரருக்கு அரசியல் கிடையாது, உயரம்தான் கணக்கு. குள்ளமான புரோனாவையும் யூஜினையும் முன்வரிசையில் ஜோடி சேர்த்தார். பெட்டி தோளில் ஏறியது. ஜோடியாகத் தூக்குகிறவர்கள் பெட்டிக்கு அடியில் ஒருவர் தோளை ஒருவர் அணைத்துப் பிடிக்க வேண்டும். யூஜினின் கை அவள் தோளில் வந்து விழுந்தது. அப்பா ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவரை ஏமாற்றியவர்களில் இப்போது தானும் ஒருத்தி என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

"இடது கால் முதல்ல," என்றார் சவப்பெட்டிக்காரர்.

புரோனா யூஜினின் நனைந்த கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.