முதுகின் அளவு

தையற்காரருக்குத் தன் கத்தரிக்கோல் மேல் அப்படியொரு நம்பிக்கை. ஆனால் மகள் கல்யாணத்துக்கென்று மனைவிக்கு அவர் தைத்த ரவிக்கை முன்னால் தொங்கியது, பின்னால் தூக்கியது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் அதே கதைதான். துணியில் தப்பில்லை, வெட்டில் தப்பில்லை. அப்படியென்றால் ஆள்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர்.

"கூனிக் கூனி நிக்காதேன்னு எத்தனை வருஷமா கத்துறேன். காதுல போட்டுக்கிட்டாத்தானே?"

"நிமிர முடியலைங்க. வலிக்குது."

"எல்லாம் சோம்பேறித்தனம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே."

கடைக்கு வருகிறவர்களை நிமிர்த்தி வைத்து அளவெடுத்தே பழகிய கை. ஒரு கையை அவள் முதுகில் வைத்து அழுத்தி, மறு கையால் தோளைப் பின்னுக்கு இழுத்தார். அவள் கத்தவில்லை. "அம்மா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு வெட்டுமேசை மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

"எலும்பு உள்ளுக்குள்ள பொத்தலாயிருக்கு. முதுகெலும்பு மூணு இடத்துல நசுங்கியிருக்கு. ரெண்டு பழசு, கூன் விழுந்ததே அதனாலதான். இது புதுசு. கீழே விழுந்தீங்களாம்மா?"

தையற்காரர் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"தண்ணி வாளியைத் தூக்கினேன் டாக்டர்" என்றாள் மனைவி, கணவர் பக்கம் பார்க்காமலே.

இவரும் ஆமாம் என்று தலையை வேறு ஆட்டித் தொலைத்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் போய்விடும் என்று பயந்த மானம், யாரும் வாங்காமலே அந்த அறையில் போனது. சோம்பேறி என்று வைத வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? வீடு வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

ஊசி, மாத்திரை, முதுகுப் பட்டை என்று சில நாள் போனது. வலி கொஞ்சம் அடங்கியதும் புதுத் துணியும் டேப்புமாய், கட்டிலில் உட்கார்ந்திருந்த அவளருகே போய் நின்றார்.

"எழுந்திரிக்க வேணாம். முதுகு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அதுக்குத் தகுந்த மாதிரி நான் வெட்டிக்கிறேன்."

அவள் தலையாட்டினாள். அவர் டேப்பின் நுனியை அவள் கழுத்தடியில் வைத்தார். டேப் பட்டதுதான் தாமதம், அவள் மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல நிமிரப் பார்த்தாள்.

"போதுமாங்க?" என்று கேட்டாள். "இன்னும் நிமிரணுமா?"