காக்கைக்கு வைத்த சோறு

மீனம்மாளின் விமானத்துக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஆலங்குடி வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சேலைகளுக்கு நடுவே எள்ளுப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் மகன் வசந்த் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் ஆடி அமாவாசை.

வழியனுப்ப வந்திருந்த தங்கை மருதாயி, பொட்டலத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட வந்திருந்த மருதாயியின் மகள் இளமதிக்குக் காரணம் தெரியும். தை அமாவாசையன்று, இருவரும் சுற்றிப் பார்க்கப் போயிருந்த அதே சிங்கப்பூரில் அம்மாவுக்கு அபராதம் போட்டார்கள். ஊரில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள்.

“பெரியம்மா…” இளமதி மெல்லச் சொன்னாள். “அங்க காக்கா, புறாவுக்கெல்லாம் தீனி போடக் கூடாது. சட்டம்.”

“சூயிங்கம் கொண்டாரக் கூடாதுன்னான் வசந்து. சரின்னேன். கண்ட எடத்துல துப்பக் கூடாதுன்னான். நான் என்ன வெத்தலையா போடுறேன்? காக்காய்க்குச் சோறு வைக்கிறத எவன்டி கேப்பான்? ஒங்க பெரியப்பாவுக்கு வைக்காம பச்சத்தண்ணி பல்லுல படாது எனக்கு.”

“போர்டே வச்சிருக்காங்க பெரியம்மா.”

“பி.எஸ்சி. படிச்சவளுக்கு போர்டுதான் கண்ணுல படும்.” மீனம்மாள் சிரித்தபடி தங்கையிடம் திரும்பினாள். “ஏன்டி மருதாயி, நீ அங்க வச்சேல்ல? கூப்பிட்டதும் கூட்டமா வந்து எடுத்துச்சுன்னு கீரமங்கலம் வரைக்கும் சொல்லிக்கிட்டு வந்தியே?”

இளமதி தரையைப் பார்த்தாள். அந்தப் போர்டை அவள் அன்றே படித்திருந்தாள். நாலு பேர் பார்க்க அம்மாவின் கையைப் பிடித்துத் தடுக்கக் கூச்சம். ஆபீசர் வந்தபோது, யாரோ எவளோ என்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றாள். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மா அவர் முன்னால் கும்பிட்டபடி நின்றாள்.

மருதாயி குனிந்து, பெட்டியிலிருந்த எள்ளுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தாள்.

“என்னடி பண்ற?”

“வேணாங்க்கா. எனக்கு அபராதம் போட்டுட்டாங்க.”

மீனம்மாளின் சிரிப்பு நின்றது. “அப்ப காக்கா எடுத்துச்சுன்னது?”

“ஒண்ணுகூட எடுக்கலக்கா.” மருதாயி மகளைப் பார்க்கவில்லை. “இளமதி அப்பாவுக்கு வச்ச சோத்த நானே அள்ளிக் குப்பைத்தொட்டியில போட்டேன்.”