முதல் கவளம்

அந்தத் தையல் ஆலையின் சமையலறையில் ஒரு விதி உண்டு. மதிய மணி அடிக்கும் முன் மேற்பார்வையாளர் முதல் தட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டு, பதிவேட்டில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மகானுபாவர் இரண்டு வருடமாகக் கையெழுத்தை மட்டும் போட்டார். தட்டில் கை வைத்ததே இல்லை. அவருக்கு வீட்டிலிருந்து டிபன் கேரியர் வந்தது, காய்கறி ஒப்பந்தக்காரரிடமிருந்து கமிஷன் வந்தது. அப்புறம் மூட்டையில் எது வந்தால் என்ன, எல்லாம் நன்றுதான்.

போன வாரம் வந்தது பச்சை ஏறி, முளைவிட்ட உருளைக்கிழங்கு.

"சார், இதைத் திருப்பி அனுப்பிடலாம்," என்றாள் சமையல்காரி.

"முளையைக் கிள்ளிட்டு அவிச்சுப் போடு. நீ என்ன டாக்டரா?"

வெந்தால் சரியாகிவிடும் என்று அவளும் நம்பித் தொலைத்தாள். அன்று சாயங்காலம் பதினோரு பெண்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். அதில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கை.

மறுநாள் ஆலை நர்ஸ் அவளைத் தனியே கூப்பிட்டாள். "கிழங்கு மேல தப்பே இல்லக்கா. தோலோட அவிச்சா வைட்டமின் சி, பொட்டாசியம், நார்ச்சத்து எல்லாம் கிடைக்கும். பருப்பு, கீரைன்னு கூடச் சேத்து அளவா சாப்பிட்டா உழைக்கிற உடம்புக்கு நல்ல தெம்பு. எண்ணெயில முக்கிப் பொரிச்சு தினமும் தின்னாத்தான் வம்பு. ஆனா இப்படிப் பச்சையானதுல விஷம் சேந்திருக்கும், எவ்வளவு அவிச்சாலும் போகாது. சார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் அதை அப்படியே விழுங்கிவிட்டு, அறிவிப்புப் பலகையில் வேறு ஒன்றை ஒட்டினார். சமையல்காரியின் கை சுத்தமில்லையாம், வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு வேலை இல்லையாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சமையல்காரி அதைப் படித்தாள். அழவில்லை. 'உன் வாயாலேயே உன்னைச் சொல்ல வைக்கிறேன் பார்' என்று கறுவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே பெண்கள் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த தங்கை மெஷின் மெஷினாகப் போய் எல்லாரையும் முன்னாடியே வரச் சொல்லியிருந்தாள். மீதியிருந்த பச்சைக் கிழங்கு மூட்டை, பரிமாறும் மேஜையருகே வாய் திறந்து கிடந்தது. மேற்பார்வையாளர் பேனாவோடு வந்தார்.

சமையல்காரி பதிவேட்டைத் தரவில்லை. தோலோடு அவித்து உப்பும் மிளகும் தூவிய கிழங்குத் தட்டை நீட்டினாள். "சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். விதி அப்படித்தானே."

"எனக்கு இப்பப் பசிக்கல."

"ஒரு வாய்தான். என் கை கழுவின கைதான், தங்கச்சி தண்ணி ஊத்தினா."

அவர் கண் மூட்டைக்கும் தட்டுக்கும் ஓடியது. நூறு பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடுங்க," என்றாள் வரிசையில் நின்ற தங்கை.

"என்ன, என்னைக் கொல்லப் பாக்கிறீங்களா? பச்சைக் கிழங்கு விஷம்னு நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்க..." என்று கத்தியவர் பாதியில் நிறுத்தினார். சொன்ன சொல்லைத் திரும்ப வாய்க்குள் போட முடியவில்லை.

சமையல்காரி இப்போதுதான் பதிவேட்டை விரித்தாள். "இதையே எழுதுங்க சார். தெரிஞ்சுதான் என் மேல பழி போட்டீங்கன்னும் எழுதுங்க. உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்."

யாரும் வழி விடவில்லை. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளியிடம் அதைக் கொண்டுபோக, வரிசையோரம் நின்றிருந்த நர்ஸ் கையை நீட்டினாள்.

சமையல்காரி அவர் தொடாத தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, தோலோடு கடித்து நிதானமாக மென்றாள். "இது காலையில நானே கடையில பொறுக்கி வாங்கினது. நல்ல கிழங்கு. மண்ணு நமக்குச் சத்தைத்தான் குடுக்குது, லஞ்சம்தான் அதை விஷமாக்குது. தன் வாயில வைக்கத் துணியாததை இன்னொருத்தர் தட்டுல போடக் கூடாது. அன்னைக்கு நானும் ருசி பாக்காமப் போட்டேன். அந்தத் தப்புக்கு இவங்க கால்ல விழுவேன். உங்களை மட்டும் மன்னிக்க மாட்டேன்."