முதல் வகுப்பில் தண்ணீர் கேட்கும் முறை

முதல் வகுப்பில் பறக்கிறவர்கள் பணியாளர்களிடம் உதவி கேட்க வேண்டுமானால் உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட உறவு, விமானத்தின் சக்கரம் தரையில் படும்வரை செல்லும். பின்னால் சாதா வகுப்பில் தலைக்கு மேலே ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் ஆள் வருவார், கேட்டதைக் கொடுப்பார், போய்விடுவார். முதல் வகுப்பில் அந்தப் பொத்தான் கிடையாது. "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொண்டை வற்றக் கத்தினாலும் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். அது யாருக்கும் உறவில்லை அல்லவா?

ஒரு பணியாளரை ஒரு முறையில்தான் கூப்பிடலாம், பிறகு மாற்ற முடியாது. கூப்பிட்டவருக்கு மட்டுமே அந்த உறவு. அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அது செல்லாது, டிக்கெட் அவர் பெயரில்தானே இருக்கிறது.

நாச்சிமுத்துவுக்கு இதெல்லாம் தெரியும். கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி நடத்துகிறவர், துபாயில் ஒரு கண்காட்சியில் தன் மோட்டார்களை ஓடவிட்டுக் காட்டிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். எப்போதும் சாதா வகுப்பில் போகிறவர்தான். இந்த முறை மகன் கௌசிக் ஒற்றைக் காலில் நின்று முதல் வகுப்பில் போட்டுக் கொடுத்திருந்தான். காரணம் ஜெர்லின்.

ஜெர்லின் அந்த விமானத்தில் பணிப்பெண், தூத்துக்குடிக்காரி. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று கௌசிக் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து இரண்டு வருஷமாகக் காது மந்தமானவர் மாதிரி நடந்துகொண்டார். வேற ஊர், வேற சாதி, வேற சாமி. கடைசியில் ஜெர்லினுக்குப் பொறுமை போய்விட்டது. அவள் வீட்டில் கப்பலில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பார்த்து, அடுத்த மாதம் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்கள்.

"உங்க அப்பா நம்ம ஃப்ளைட்டுல வரட்டும்," என்றாள் கௌசிக்கிடம். "என்னைய என்ன முறை சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணி கேக்காங்கன்னு பாப்பேன். மருமகளேன்னு கேட்டா அந்தக் கப்பல்காரன் வேண்டாம்னு வீட்டுல சொல்லிருதேன். இல்லைன்னா உனக்கும் எனக்கும் இத்தோட சரி."

கௌசிக் இதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தான். நாச்சிமுத்து டிக்கெட்டை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விமானம் மேலே ஏறியதுமே அவருக்குத் தாகம் எடுத்தது. ஜெர்லின் எதிரே இருந்த சின்ன இருக்கையில் நேராக உட்கார்ந்து, அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். 'மருமகளே' என்ற சொல் அவருடைய தொண்டை வரைக்கும் வந்தது, மீசையை எட்டிப் பார்த்தது, திரும்பி உள்ளே போய்விட்டது. இரண்டு வருஷ வீம்பை ஒரு டம்ளர் தண்ணீருக்காக விடுவதா என்று இருந்தது அவருக்கு. சும்மா 'பாப்பா' என்று கேட்டுவிடலாம்தான். கேட்டால் மகன் முகத்தில் விழிக்க முடியாது. எச்சிலை விழுங்கிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார்.

முன் வரிசையில் ஒரு மில் முதலாளி, விளையாட்டாகப் பணியாளர் ஒருவரைப் 'பங்காளி' என்று கூப்பிட்டுக் காபி கேட்டிருந்தார். காபி வந்துவிட்டது. கூடவே பங்காளியும் வந்து இருக்கையில் பாதி தனக்கு என்று உட்கார்ந்துவிட்டார். நடுவில் போர்வையைச் சுருட்டி வரப்புப் போட்டிருந்தார்கள். வரப்பு ஒரு விரல் தள்ளியிருக்கிறது என்று இருவரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் பொள்ளாச்சிக்கார அம்மாள் ஒருவர், தலையணை வேண்டி இன்னொரு பணியாளரை 'மாப்பிள்ளை' என்று அழைத்துவிட்டார். மாப்பிள்ளை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, சட்னியில் உப்பில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எழுந்து நின்று அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். முதல் வகுப்பு என்றால் நாலு பேர் நாலு விதமாகத்தான் இருப்பார்கள்.

தாகம் பொறுக்க முடியாமல் போனபோது நாச்சிமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். கேட்டுவிடுவது. நிமிர்ந்து உட்காருவதற்காக இருக்கையின் பொத்தானை அமுக்கினார். அவர் அமுக்கியது வேறு பொத்தான். கால்வைக்கும் பலகை மடங்கி, அவர் கால் கட்டைவிரலை நன்றாகக் கவ்வியது.

"அம்மா!" என்று அலறினார்.

ஜெர்லின் ஓடி வந்தாள்.

"எய்யா! என்னல ஆச்சு? எங்க பட்டுச்சு?" என்று குனிந்து, பலகையை விடுவித்து, விரலைப் பிடித்து ஊதினாள். "கண்ண எங்க வச்சிருந்த? கண்ட பொத்தான அமுக்காதன்னு சொன்னாக் கேக்கியா?"

தன் வாயிலிருந்து என்ன விழுந்துவிட்டது என்பது நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அள்ளி எடுக்க முடியாது. அறுபது வயதில், இருபத்தாறு வயது அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி..." என்றார்.

"இம்புட்டு நேரம் தண்ணி குடிக்காமயா இருந்த? உதடெல்லாம் காஞ்சு கெடக்கு." டம்ளரைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடிக்கவைத்தாள். தட்டிலிருந்த அல்வாவை எடுத்து அப்பால் வைத்தாள். "சுகர் இருக்குல்லா? இதத் தொடப்பிடாது." பிறகு ஒரு கைத்துண்டை எடுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

நாச்சிமுத்து தவழுகிற வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர். அம்மா என்ற சொல்லை அதற்குப் பிறகு காலில் இடித்துக்கொள்ளும்போது மட்டும்தான் பயன்படுத்தி வந்தார். கூப்பிட்டு ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. அவருக்கு அழுகை வந்தது. வந்ததை அடக்காமல் அழுதார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அம்மா," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பையன் ஒரு புள்ளையக் கட்டிக்கறேங்கறானுங்க. நான் வேண்டாங்கறேனுங்க."

"ஏன், அந்தப் பிள்ளைக்கு என்ன குறை?"

"குறைன்னு இல்லீங்கம்மா. நல்ல புள்ளைன்னுதான் சொல்றாங்க. ஆனா வேற ஊருங்க. தூத்துக்குடி."

"நான் எந்த ஊரு?"

நாச்சிமுத்து யோசித்தார். "தூத்துக்குடிங்க."

"வேற என்ன?"

"மாதா கோயிலுக்குப் போற குடும்பமுங்க."

அவள் தன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையை விரலால் தூக்கிக் காட்டினாள். நாச்சிமுத்து அதைப் பார்த்தார். அப்புறம் சாதி என்று வாயெடுத்தவர், பெற்ற தாயிடம் சாதி கேட்பது முறையல்ல என்பதால் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப உனக்கு எப்படில பொண்ணு குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் வீட்டில் ஒருவர்கூட இதைச் சொல்லிக் காட்டவில்லை என்பதை நினைத்தபோது, அவர்கள்மேல் அவருக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று.

"ரெண்டு வருசமா அந்தப் பிள்ளைய அலையவிட்டிருக்க," என்றாள். இப்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "அது எத்தன நாளு பாத்ரூமுக்குள்ள நின்னு அழுதுச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்கம்மா. உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"தாய்க்குத் தெரியாமப் போகுமா?"

அது சரிதான் என்று அவருக்குப் பட்டது. "தப்புத்தானுங்கம்மா. நான் பண்ணுனது பெரிய தப்பு," என்றார். "நீங்க சொல்றபடி செய்யறனுங்க."

"வர்ற ஆவணியில கல்யாணம். சொல்லிட்டேன்."

நாச்சிமுத்துவின் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. அப்போது பக்கத்து இருக்கை அம்மாள், விசிறுவதை நிறுத்தாமலே, இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. வண்டி எறங்குனா உங்கம்மா போயிருவாங்களே. தாய் போன வீட்டுல ஒரு வருசத்துக்கு மேளம் கொட்டக் கூடாதுங்களே."

நாச்சிமுத்து ஜெர்லினைப் பார்த்தார். ஜெர்லின் ஜன்னலைப் பார்த்தாள். கீழே மேற்குத் தொடர்ச்சி மலை வந்துவிட்டது. சக்கரம் தரையில் பட்டதும் அவருக்கு அம்மா இல்லை. பிறகு ஒரு வருஷம் துக்கம் காக்க வேண்டும். கப்பல்காரன் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டான், அடுத்த மாதமே நிச்சயம் முடிந்துவிடும். விமானம் இறங்க ஆரம்பித்தது.

நாச்சிமுத்து கட்டைவிரல் வலியோடு நொண்டிக்கொண்டே போய் விமானியின் கதவைத் தட்டினார். இந்தத் தடவை நன்றாக யோசித்து வைத்திருந்தார். கேப்டன் குர்பிரீத் சிங் லூதியானாக்காரர். அவருடைய பாஷையிலும் மாமா என்றால் அம்மாவின் சகோதரன்தான்.

"மாமா!" என்றார்.

கேப்டன் கதவைத் திறந்தார். "சொல்லு மருமகனே."

நாச்சிமுத்து சொன்னார். கேப்டன் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது மருமகன் வீட்டுக் கல்யாணம் தடைப்பட்டால் அதைவிடக் கேவலம் அவருக்கு வேறில்லை.

"சக்கரம் தரையில் படக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க மாமா."

"போய் பெல்ட் போட்டுக்கோ."

விமானம் கோயம்புத்தூரில் வழக்கமான நேரத்துக்கு இறங்கியது. ஒரு சாண் மீதி வைத்து இறங்கியது. அந்த ஒரு சாண் உயரத்திலேயே ஓடி, வேகம் குறைந்து, வந்து நின்றது. காற்றில் நகர்ந்துவிடாமல் இருக்க, லாரிக்குக் கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். படிக்கட்டு வந்தது, எல்லாரும் இறங்கினார்கள். மில் முதலாளி வேகமாக நடந்தார், பங்காளி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். மாப்பிள்ளை, முறையாக அழைத்தால்தான் இறங்குவேன் என்று படியில் நின்றார். பொள்ளாச்சி அம்மாள் முறையாக அழைத்தார்.

வெளியே கௌசிக் நகம் கடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா என்ன கூப்பிட்டாரு?" என்றான் ஜெர்லினிடம்.

"அம்மான்னு கூப்பிட்டாங்க."

கௌசிக்கின் முகம் விழுந்துவிட்டது.

"மூஞ்சியத் தூக்காத. ஆவணியில கல்யாணம்னு அவங்க அம்மா சொல்லியாச்சு," என்றாள் ஜெர்லின். "எம் பேச்ச நானே தட்ட முடியுமா?"

தட்ட முடியாதுதான். கௌசிக் அப்பாவின் பெட்டியை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே கப்பல்காரன் வீட்டுக்கு ஆள் போய் விஷயத்தைச் சொன்னது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. காலையில் மாதா கோயிலில் ஒரு தடவை, அப்புறம் மண்டபத்தில் ஒரு தடவை. கேப்டன் சீருடையோடு, தட்டில் பழமும் வேட்டியும் வைத்துத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யலாம் என்று சொன்னபோது ஜெர்லின் மணையிலிருந்து எழுந்து வந்து, நாச்சிமுத்துவின் பக்கத்தில் நின்று, மணமகள் இருந்த இடத்தின்மேல் அட்சதை தூவிவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டாள். போட்டோக்காரர் இரண்டையும் எடுத்தார்.

பந்தியில் கேப்டன் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"மருமகனே, கல்யாணம் முடிஞ்சது. வண்டியை இறக்கிடலாமா?"

நாச்சிமுத்து சாதத்தைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. இனி இறக்குவதில் ஒரு தடையும் இல்லை. விமானக் கம்பெனிக்காரர்களும் வண்டியைக் கேட்டு நடையாய் நடக்கிறார்கள். மருமகள்தான் வீட்டுக்கு வந்துவிட்டாளே, அதற்கு மேலும் ஒருவர் ஆசைப்படலாமா? ஆசைப்படக் கூடாது என்று தெரிந்தே அவருக்கு ஆசையாக இருந்தது. திரும்பவும் தாயில்லாப் பிள்ளையாகிவிட அவருக்குப் பயமாக இருந்தது.

பட்டுப் புடவையோடு பந்தியைப் பார்த்துக்கொண்டு வந்த ஜெர்லின் அவர் இலைக்கு எதிரே நின்றாள்.

"என்னல, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க? ரசம் ஊத்தச் சொல்லட்டா?"

கேப்டன் அவளிடமே கேட்டார். ஜெர்லின் நாச்சிமுத்துவைப் பார்த்தாள், பிசைந்த சோற்றைப் பார்த்தாள்.

"கெடக்கட்டும்ணே, மேலயே," என்றாள். "இவனுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

கேப்டன் சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார். நாச்சிமுத்து சாப்பிட ஆரம்பித்தார்.

விமானம் இன்றைக்கும் அங்கேதான் கட்டிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் கயிறு நனைந்து சுருங்கி, அதை ஒரு விரற்கடை கீழே இழுத்துவிடும். அன்றைக்கெல்லாம் ஜெர்லின் அவரை 'என்னல' என்று அதட்டும் குரல் மெலிந்துபோகும். நாச்சிமுத்து கம்பெனியில் யாரிடமும் சொல்லாமல், குடையை எடுத்துக்கொண்டு தானே போய்க் கயிற்றைத் தளர்த்திவிட்டு வருவார்.